தையலுக்கு எதற்குக் காலேஜ் என்று கேட்பவர்களுக்கு: சுங்கை சிப்புட்டிலிருந்து என் அனுபவம்

மேலே எழுதியிருந்த அக்கா, எஸ்பிஎம் (பள்ளி இறுதித் தேர்வு) முடித்த மகள் ஃபேஷன்தான் படிப்பேன் என்று நிற்கிறாள், அனுப்பலாமா, இரண்டு வருடம் வீணாகிவிடுமா என்று கேட்டிருந்தீர்கள். நான் அதைப் படித்தவள். இப்போது பேராக் மாநிலத்தில் சுங்கை சிப்புட்டில் தையல் கடை வைத்திருக்கிறேன். பாட்டி காலத்திலிருந்து ரப்பர் தோட்டத்துக் குடும்பம். அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முதலில் சான்றிதழ் விஷயத்தை முடித்துவிடுவோம். இணையத்தில் தேடினால் இரண்டு வருடத்தில் ஃபேஷன் பட்டம் என்று வருகிறதே, அது அமெரிக்கக் கணக்கு. 1944-ல் தொடங்கிய நியூயார்க் எஃப்ஐடி என்ற ஃபேஷன் கல்லூரி போன்ற இடங்களில் இரண்டு வருடப் படிப்புக்கு அசோசியேட் பட்டம் கொடுக்கிறார்கள். நம் மலேசியாவில் அப்படி இல்லை. 2001 முதல் நடந்துவரும் கொலேஜ் கொமுனிட்டியில் (அரசின் சமூகக் கல்லூரி) இந்தத் துறையை இரண்டு வருடம் படித்தால் கையில் வருவது சான்றிதழ், அதாவது எம்கியூஎஃப் என்ற நம் நாட்டுக் கல்வித் தகுதி வரிசையில் 3-ஆம் நிலை. டிப்ளோமா 4, இளங்கலைப் பட்டம் 6. மகளுக்குப் பட்டம்தான் வேண்டும் என்றால் இதோடு நிற்காமல் டிப்ளோமா, அப்புறம் பட்டம் என்று ஏற வேண்டியிருக்கும். அதை இப்போதே அவளிடம் சொல்லிவிடுங்கள்.

சரி, அனுபவத்துக்கு வருகிறேன்.

நான் சேர்ந்த வருடம் கோயில் திருவிழாவில் பெரியப்பா ஒருவர் எல்லார் முன்னாலும் கேட்டார்: “தையலுக்கு எதுக்கும்மா காலேஜு? லயத்துல கேட்டா சொல்லிக் கொடுக்க மாட்டாங்களா?” அவர் மனதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. எங்கள் லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், அப்படித்தான் நடந்தது. மிதி மிஷினில் ஊருக்கே ரவிக்கை தைத்த அத்தை ஒருவர் இருந்தார். ஓரம் அடிப்பது, ஹூக் கட்டுவது, பைப்பிங் வைப்பது எல்லாம் எனக்கு அவர் மடியருகே உட்கார்ந்து கற்றதுதான். அவர் கைத்தையலின் நேர்த்தி கல்லூரியில்கூட பலருக்கு வரவில்லை.

ஆனால் அத்தை எல்லாவற்றையும் அளவு ரவிக்கையை வைத்துத்தான் வெட்டுவார். பழையதைத் துணிமேல் விரித்து, சுற்றிச் சாக்பீஸ் கோடு போட்டு, தையலுக்கு விட்டுக் கத்தரிப்பார். பழைய ரவிக்கையில் கழுத்து தூக்கியிருந்தால் புதியதிலும் தூக்கும். அளவு ரவிக்கையே இல்லாமல் ஒருவர் வந்து நின்றால் என்ன செய்வது? அதற்குத்தான் காலேஜ். தைக்கக் கற்பதற்கு இல்லை; உடம்பை அளந்து காகிதத்தில் கொண்டுவரக் கற்பதற்கு.

முதல் செமஸ்டரில் பெரும்பாலும் காகிதம்தான். மார்பு, இடுப்பு, முதுகு நீளம், தோள் அகலம் என்று சென்டிமீட்டரில் அளந்து, முன்பக்கத்தில் பாதி, முதுகில் பாதி வரைந்து, டார்ட் (துணியை உடம்பு வளைவுக்கு மடித்துத் தைக்கும் கூம்பு மடிப்பு) எங்கே தொடங்கி எங்கே முடிய வேண்டும் என்று குறிக்க வேண்டும். பிறகு மலிவான வெள்ளைக் காலிக்கோ துணியை இரண்டாக மடித்து, அதன்மேல் அந்தப் பாதியை வைத்து வெட்டித் தைத்துப் போட்டுப் பார்ப்போம். பாதி வரைந்தால் போதும் என்பது இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கிற உடம்புக்கு.

அந்த அறிவு எனக்கு எங்கே பயன்பட்டது என்றால், ஒரு பாட்டியிடம். பால்மரக் காலத்தில் காண்டாக் கம்பில், அதாவது தோளில் சுமக்கும் கம்பில், இரண்டு வாளி கட்டித் தூக்கி நடந்தவர். வலது தோள் இடதைவிட இறங்கியிருக்கும். யார் தைத்துக் கொடுத்தாலும் ரவிக்கை அந்தத் தோளிலிருந்து நழுவும், அக்குளிலிருந்து குறுக்கே ஒரு சுருக்கம் விழும். “என் உடம்பு கோணல்மா, எதுவும் நிக்காது” என்று சொல்லிச் சொல்லி, அதை அவரே நம்பிவிட்டார். பேத்தி கல்யாணத்துக்குப் புது ரவிக்கை வேண்டாம், பழையதே போதும் என்று சொன்னதைக் கேட்டபோது எனக்கு மனது தாங்கவில்லை.

விடுமுறை முடிந்து காலேஜுக்குப் போய் எங்கள் புவானிடம் (ஆசிரியையை அப்படித்தான் கூப்பிடுவோம்) கேட்டேன். முன்பக்கம், முதுகு இரண்டையும் பாதியாக இல்லாமல் முழுதாக வரை என்றார். இறங்கிய பக்கத்துத் தோள்முனையை எவ்வளவு இறக்குகிறாயோ, அக்குள் வளைவையும் அதே அளவு இறக்கு, இல்லாவிட்டால் கை பிடிக்கும் என்று பலகையில் போட்டுக் காட்டினார். பாட்டிக்கு ஒன்றேகால் சென்டிமீட்டர் இறக்க வேண்டியிருந்தது, அவ்வளவுதான். போட்டுப் பார்த்துவிட்டு, கையைத் தூக்கி இறக்கி, முந்தானையை அந்தத் தோளிலேயே போட்டுக்கொண்டார். லயத்து அத்தை பக்கத்தில் இருந்து பார்த்துவிட்டு அந்தக் காகிதத்தை வாங்கி வைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு சிக்கலான உடம்பு என்றால் என்னிடம் அனுப்ப ஆரம்பித்தார்.

மலாய்ப் பெண்கள் உடுத்தும் பாஜு கூரோங் பற்றியும் சொல்ல வேண்டும், நீள மேல்சட்டையும் பாவாடையும் சேர்ந்த உடை. நம் பிள்ளைகள் பலர் அதை லேசாக நினைக்கிறார்கள். அதில் டார்ட் கிடையாது. உடல் நேராக, பக்கவாட்டில் பெசாக் என்ற நீளத் துண்டு, அக்குளில் ஒரு சிறு துண்டு, அதற்குப் பெயர் கெக்கெக். அந்தத் துண்டுதான் கையைத் தூக்க இடம் கொடுக்கிறது. 45 அங்குல அகலத் துணி என்றால் ஒரு ஜோடிக்கு ஏறக்குறைய 4 மீட்டர் பிடிக்கும். வளைவை நம்பித் தைக்கும் ரவிக்கைக்கும் நேர்கோட்டை நம்பித் தைக்கும் கூரோங்குக்கும் கை வேறு, கண் வேறு. இரண்டும் தெரிந்தால் வருடம் முழுக்க வேலை இருக்கும்: தீபாவளிக்கு ரவிக்கை, ஹரி ராயாவுக்குக் கூரோங். கெபாயா என்ற மேல்சட்டையில் நமக்கு இன்னும் வசதி, ஏனென்றால் அது ரவிக்கை மாதிரியே உடம்பைப் பிடித்து நிற்க வேண்டிய உடை. 2024-ல் மலேசியா உட்பட ஐந்து நாடுகள் சேர்ந்து கேட்டு அது யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் ஏறியது. ஜரிகை நெசவுத் துணியான சொங்கெட் 2021-லேயே ஏறிவிட்டது. இவற்றை எல்லாம் இன மதம் பார்க்காமல் கற்றுக்கொள்ளச் சொல்லுங்கள்.

படிப்போடு சேர்ந்த தொழிற்பயிற்சி அவ்வளவு இனிமையாக இல்லை. நான் போன தொழிற்சாலையில் பயிற்சிக் காலம் முழுக்கச் சட்டைக் கை பொருத்த மட்டும் வைத்தார்கள். கேட்டால் மேற்பார்வையாளர் முகம் கொடுத்துப் பேசமாட்டார். கொடுப்பதாகச் சொன்ன படிக்காசும் இழுத்தடித்துத்தான் வந்தது. உங்கள் மகள் போகும் இடத்தில் என்னென்ன வேலை கற்றுத் தருவார்கள் என்று எழுத்தில் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். ஒன்று மட்டும் அங்கே கிடைத்தது: தொழிற்சாலை மிஷினின் வேகத்துக்குக் கை பழகியது.

காலேஜில் பாடம் முழுக்க மலாய். தமிழ்ப்பள்ளிப் பிள்ளை என்று பயப்பட வேண்டாம், பழகிவிடும். செலவுதான் கவனிக்க வேண்டியது. கட்டணத்தைவிட, ஒவ்வொரு செமஸ்டரும் செய்முறைக்கு வாங்கும் துணி, லைனிங், ஜிப், நூல் என்று கை கடிக்கும். கத்தரிக்கோலில் மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள். நல்லதாக ஒன்று, துணிக்கு மட்டும். காகிதம் வெட்ட வேறு வைத்துக்கொள்ளட்டும்.

யுபியு (அரசுக் கல்லூரிச் சேர்க்கை) விண்ணப்பத்துக்கு முன்னால் வீட்டிலேயே ஒன்று செய்து பாருங்கள் அக்கா. உங்களுக்கு நன்றாகப் பிடித்து நிற்கும் பழைய ரவிக்கை ஒன்றை மகளிடம் கொடுங்கள். தையல் தையலாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டையும் இஸ்திரி போட்டு, காகிதத்தில் வைத்து வரைந்து, எந்தத் துண்டு எதோடு சேர்கிறது என்று அவளே எழுதட்டும். அலுத்துப்போய்ப் பாதியில் வைத்துவிட்டால் இன்னொரு தடவை உட்கார்ந்து பேசுங்கள். ராத்திரி சாப்பாட்டுக்குக் கூப்பிட்டும் எழுந்து வரவில்லை என்றால் தாராளமாக அனுப்புங்கள். அவள் வரைந்ததைப் படம் எடுத்து இங்கே போடுங்கள், நானும் பார்த்துச் சொல்கிறேன்.