எம்.டி.எஃப். என்பதற்கு ‘மாறுபாட்டீவு’: மீடியம் ஃபார்மட் வில்லைகளை முன்வைத்து

நண்பர்களுக்கு வணக்கம்.

ஒளிப்பட வில்லைகளின் தரத்தைக் காட்டும் எம்.டி.எஃப். (Modulation Transfer Function) என்ற அளவுக்குத் தமிழில் என்ன சொல் வைக்கலாம் என்று நம் குழுவில் பேசிவருகிறோம். ‘பண்பேற்றப் பரிமாற்றச் சார்பு’ என்று குழுவின் ஐயா ஒருவர் முன்மொழிந்திருந்தார். ‘கூர்மை’ என்றாலே போதாதா என்று தோழி ஒருவர் கேட்டிருந்தார். இரண்டையும் யோசித்துப் பார்த்தேன்; இரண்டுமே எனக்கு ஒப்பவில்லை. காரணங்களைச் சொல்லிவிட்டு என் பரிந்துரையை வைக்கிறேன்.

முதலில் பொருள். மீடியம் ஃபார்மட் கேமராவான, அதாவது 35 மி.மீ. ஃபிலிமைவிடப் பெரிய ஃபிலிமில் படமெடுக்கும் ஹாஸல்பிளாட்டுக்காக ட்ஸைஸ் நிறுவனம் செய்த 80 மி.மீ. பிளானார் வில்லையின் தரவுத்தாளை எடுத்துக்கொள்வோம். அதில் எம்.டி.எஃப். வரைபடம் இருக்கும். கிடை அச்சு, படத்தின் நடுவிலிருந்து உள்ள தொலைவு. 6×6 என்று பேச்சில் சொல்லும் படச்சட்டம் உண்மையில் 56×56 மி.மீ.தான், அதன் மூலை நடுவிலிருந்து 39.6 மி.மீ. தள்ளியிருப்பதால் அச்சு 40-இல் முடிகிறது. நிலை அச்சில் சதவீதம். இடையில் மூன்று சோடி வளைகோடுகள்: மி.மீ.க்கு 10, 20, 40 கறுப்பு வெள்ளைக் கோட்டுச்சோடிகள். வில்லையின் ஒளித்துளையை முழுதாகத் திறந்து ஒரு வரைபடம், துளையைக் குறைத்து இன்னொரு வரைபடம். ஒரு வில்லையின் குணம் ஏறத்தாழ முழுவதும் இந்த ஒற்றைத் தாளில் அடங்கிவிடுகிறது.

அந்தச் சதவீதம் எதைக் குறிக்கிறது? கறுப்பு வெள்ளைக் கோடுகள் போட்ட சோதனை அட்டையில் வெள்ளைக் கோட்டின் ஒளி 100, கறுப்பின் ஒளி 0 என்று வையுங்கள். வில்லை வழியே வந்தபின் வெள்ளை 80 ஆக மங்கி, கறுப்பு 20 ஆக வெளுத்திருக்கிறது. இரண்டின் வித்தியாசத்தை இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தால் மாறுபாடு கிடைக்கும்: 60-ஐ 100-ஆல் வகுக்க 0.6. அட்டையில் அது 1. பிம்பத்தின் மாறுபாட்டைப் பொருளின் மாறுபாட்டால் வகுத்தால் 60 சதவீதம். எம்.டி.எஃப். என்பது இந்த வகுத்தலின் விடைதான்.

இனி சொல்லுக்கு வருவோம். ‘பண்பேற்றம்’ நம் இயற்பியல் பாடநூலில் வானொலி அலைக்கு உரிய சொல்லாக ஊன்றிவிட்டது; வீச்சுப் பண்பேற்றம், அதிர்வெண் பண்பேற்றம் என்று மாணவர்கள் படிக்கிறார்கள். வில்லை எந்த அலையின் மீதும் எதையும் ஏற்றுவதில்லை. ‘பரிமாற்றம்’ என்றால் கொடுக்கல் வாங்கல். இங்கே வாங்கல் கிடையாது. ‘கூர்மை’யோ பார்ப்பவரின் உணர்வைச் சொல்வது, அதற்கு அலகில்லை. ‘பிரிதிறன்’ என்பதையும் இதற்குப் போடக்கூடாது. கோடுகள் தனித்தனியாகத் தெரியும் கடைசி எல்லையை மட்டும் அது சொல்கிறது. எல்லைக்கு முன்னால் என்ன நடந்தது என்பதைச் சொல்வதில்லை.

இந்த வேறுபாடு அச்சிட்ட படத்தில் பளிச்சென்று தெரியும். ஒரு வில்லை மி.மீ.க்கு 10 கோட்டுச்சோடியில் 85 சதவீதமும் 40-இல் 50 சதவீதமும் தருகிறது, இன்னொன்று 10-இல் 96, 40-இல் 40 தருகிறது என்று வைத்துக்கொள்வோம். பிரிதிறனை மட்டும் பார்ப்பவர் முதலாவதைத் தேர்ந்தெடுக்கக்கூடும். சுவரில் மாட்டிச் சற்றுத் தள்ளி நின்று பார்த்தால் இரண்டாவதன் படம்தான் உயிரோடு இருக்கும்.

‘மாறுபாடு’ வேண்டாம், ‘உறழ்வு’ என்று வைக்கலாம் என ஒரு கருத்து வந்தது. சொல் அழகானது. ஆனால் நன்னூல் ‘உறழ’ என்பதை உவம உருபுகளில் ஒன்றாக எண்ணுகிறது. ஒத்திருப்பதையும் வேறுபடுவதையும் ஒரே வேர் சுமக்கும்போது, கறுப்புக்கும் வெள்ளைக்கும் உள்ள இடைவெளியை அதனிடம் ஒப்படைக்க எனக்கு மனமில்லை.

என் பரிந்துரை மாறுபாட்டீவு. சுருக்கமாக ‘ஈவு’. வகுத்தலின் விடைக்குப் பள்ளிக் கணக்கில் ஏற்கெனவே இருக்கும் சொல் இது, எம்.டி.எஃப். மதிப்பும் ஒரு வகுத்தலின் விடை. தவிர, ஈவு என்றால் கொடுப்பது. பொருளில் இருந்த மாறுபாட்டில் வில்லை நமக்கு எவ்வளவு கொடுக்கிறது என்ற பொருளும் தானாகவே வந்து அமைகிறது. வளைகோடு ‘ஈவுக்கோடு’ ஆகும். வடிவமைப்பிலிருந்து கணினி கணக்கிட்டது ‘கணித்த ஈவு’, செய்து முடித்த வில்லையில் எடுத்தது ‘அளந்த ஈவு’. பல நிறுவனங்கள் முதலாவதை வெளியிடுகின்றன, ட்ஸைஸ் இரண்டாவதை. ஒப்பிடும்போது இதைக் கலக்கக்கூடாது.

ஈவை ஒருபோதும் தனியாக எழுதக்கூடாது என்பதும் என் கோரிக்கை. மி.மீ.க்கு எத்தனை கோட்டுச்சோடி என்பதையும் சேர்த்து, ‘40-இன் ஈவு’ என்று எழுத வேண்டும். 40 செ.மீ. பக்கமுள்ள அச்சுப்படத்துக்கு 56 மி.மீ. படத்தை ஏழு மடங்கு பெருக்கினால் போதும், 35 மி.மீ. ஃபிலிமின் 24 மி.மீ. பக்கத்தை ஏறக்குறைய 17 மடங்கு பெருக்க வேண்டும். மீடியம் ஃபார்மட்டில் 40 கோட்டுச்சோடி செய்யும் வேலைக்குச் சின்ன ஃபிலிமில் 93 வேண்டியிருக்கும். இரண்டு வில்லைகளின் 40-இன் ஈவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் தீர்ப்பு எழுதுவது மீடியம் ஃபார்மட்டுக்குச் செய்யும் அநியாயம்.

துளை எண்ணும் (எஃப் 8, எஃப் 22 போன்றது; எண் கூடினால் துளை சிறுக்கும்) கூடவே வர வேண்டும். துளை சிறுத்தால் ஒளி விளிம்பில் வளைந்து பரவுகிறது. குறையே இல்லாத வில்லைக்கும் 40-இன் ஈவு எஃப் 8-இல் சுமார் 78 சதவீதம், எஃப் 22-இல் 41 சதவீதம்தான். புல ஆழத்துக்காக, அதாவது அருகிலும் தொலைவிலும் உள்ளவை தெளிவாக விழ வேண்டும் என்பதற்காக, எஃப் 22 வரை போகிறவர்கள் அங்கே பிளானாரையும் சாதாரண வில்லையையும் பிரித்துச் சொல்லவே திணறுவார்கள்.

‘கோட்டுச்சோடி’ பற்றி ஒரு வார்த்தை. ‘இணைகோடு’ என்று எழுதிய நண்பர் மன்னிக்க வேண்டும், அது வடிவியலில் வேறு பொருளுக்குப் போய்விட்டது.

மிச்சம் இருப்பது திசை. மூலைகளில் ஒவ்வொரு சோடி வளைகோடும் இரண்டாகப் பிரிந்து விலகும். நடுவிலிருந்து வெளியே ஓடும் கோடுகளுக்கு ஒரு ஈவு, அவற்றுக்குக் குறுக்கே நிற்கும் கோடுகளுக்கு வேறொரு ஈவு. அகலக்கோண வில்லைகளை ஒப்பிடும்போது இந்த விலகலைத்தான் முதலில் பார்ப்பேன். ஃபிலிமிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறது என்பதில் இவ்வில்லைகள் வேறுபடுகின்றன. ஹாஸல்பிளாட்டின் டிஸ்டகான் 50 மி.மீ. வில்லை, கேமராவுக்குள் பிம்பத்தைக் காட்டும் ஆடி மேலெழ இடம்விட்டு முன்னே தள்ளி நிற்க வேண்டியது. அந்த ஆடியே இல்லாத ஹாஸல்பிளாட் எஸ்.டபிள்யூ.சி. கேமராவின் பயோகான் 38 மி.மீ. வில்லை ஃபிலிமை ஒட்டி உட்கார்ந்துகொள்கிறது. மாமியா 7 என்ற கேமராவின் 43 மி.மீ. வில்லைக்கும் அந்த வசதி உண்டு. வெளியே ஓடும் கோடுகளின் ஈவுக்கு ‘ஆரத்திசை ஈவு’, குறுக்கே நிற்கும் கோடுகளின் ஈவுக்கு ‘தொடுதிசை ஈவு’ என்று வைத்திருக்கிறேன். கணிதப் பாடநூலின் ஆரம், தொடுகோடு ஆகியவற்றோடு இவை எங்கேனும் மோதுகின்றனவா என்று குழுவில் உள்ள கணித ஆசிரியர்கள் பார்த்துச் சொல்ல வேண்டும்.