லைற் பத்தினாப் பிறகு 50 கிலோமீற்றர்: ஆர் தந்த கணக்கு?

சங்குப்பிட்டியான்:
ஏ9 (கண்டி–யாழ்ப்பாண ரோட்டு) பயணக் குறிப்பு எண்டு ஒருத்தர் எழுதியிருக்கிறார்: "எரிபொருள் குறைஞ்சு எண்ணெய் லைற் பத்தினாலும் எந்த வாகனமும் 50 கிலோமீற்றர் ஓடும். ஆனையிறவில லைற் வந்தாலும் யாழ்ப்பாணம் வந்து அடிக்கலாம்." இதை நம்பிக் குஞ்சு குருமானோட இரவில வாற சனம் இருக்கு. எந்த வாகனமும் எண்டு எப்பிடி எழுதலாம்? ஜப்பான் வகன்ஆர் ஹைபிரிட்டின்ர தாங்கி 27 லீற்றர். ஹயேஸ் வானுக்கு 70. லைற் பத்தேக்க ரெண்டிலயும் ஒரே அளவோ மிச்சம் கிடக்கும்?

வான்காரன்:
எழுதினது நான்தான். மாத்த மாட்டன். தாங்கியில பத்திலொண்டு கிடக்கேக்கதான் லைற் பத்தும். ஹயேஸ் எண்டால் 7 லீற்றர். லீற்றருக்கு 9 ஓடினாலும் 63 கிலோமீற்றர். நான் 50 எண்டு குறைச்சுத்தான் சொன்னனான்.

சங்குப்பிட்டியான்:
அதே பத்திலொண்டை 27 லீற்றருக்குப் போட்டுப் பாருங்கோ. 2.7 லீற்றர். ஏசி போட்டு, நாலு பேரும் சாமானும் ஏறினால் லீற்றருக்கு 14 எண்டு வைப்பம். 38 கிலோமீற்றர்கூட இல்லை. ஆனையிறவிலிருந்து யாழ் நகர் 50க்குக் கிட்ட. உங்கட கணக்கை நம்பினவர் சாவகச்சேரி தாண்டி ரோட்டுக்கரையில நிப்பார். அந்த 2.7இலயும் கடைசிச் சொட்டுவரை பம்ப் இழுக்காது.

கொடிகாமம் பெடியன்:
அண்ணைமார், முதல்ல ஒண்டைத் தீருங்கோ. "எண்ணெய் முடிஞ்சுது" எண்டு எதைச் சொல்லுறியள்? மீற்றர் முள்ளு ஈ (E, வெறுமை) கோட்டைத் தொட்டதையோ, லைற் பத்தினதையோ, எஞ்சின் நிண்டதையோ?

வான்காரன்:
50 ஓடும். அவ்வளவுதான். கொம்பனிக்காரன் விசரனோ, ஓட ஏலாத இடத்தில லைற்றை வைக்க?

சங்குப்பிட்டியான்:
கொம்பனிக்காரன் 50 எண்டு எங்க எழுதினவன்? அதைத்தான் கேக்கிறன்.

லைற் எப்பிடிப் பத்துது எண்டு தெரிஞ்சு கதையுங்கோ. பழைய ஜப்பான் வாகனங்கள் பலதில தாங்கிக்குள்ள தனி உணரி ஒண்டு இருக்கும். எண்ணெய்க்குள்ள மூழ்கிக் கிடக்கேக்க குளிராய் இருக்கும், மட்டம் இறங்கி வெளிய வந்தவுடன சூடேறி அதின்ர மின்தடை குறையும், லைற் பத்தும். அதில முள்ளு பொய் சொன்னாலும் லைற் தனிய உண்மை சொல்லும். இப்பத்தைய வாகனங்களில கனக்கிலை அந்த உணரி இல்லை. மிதவை அனுப்புற அளவை வைச்சு மீற்றர் பெட்டி தானே கணக்குப் போட்டு லைற்றைப் போடுது. மிதவையின்ர கை மேல இறுகிப் போனால் முள்ளும் பொய், லைற்றும் பொய். லைற் பத்தாமலே எஞ்சின் நிக்கும். அப்ப உங்கட 50ஐ எங்கயிருந்து எண்ணத் தொடங்குறது?

பழைய மொரிஸ்:
மொரிஸ் மைனரில லைற்றும் இல்லை, உந்தச் சண்டையும் இல்லை. எஸ்யூ எண்ட பெற்றோல் பம்ப் "டிக்" எண்டு இடைக்கிடை அடிச்சால் எல்லாம் சரி. நிறுத்தாமல் படபடவெண்டு அடிச்சால் பம்ப் காத்தை இழுக்குது, தாங்கி வறண்டிட்டுது. காதால கேட்டு ஓடின சனம். 1990க்குப் பிறகு பெற்றோல் தடையில மண்ணெண்ணெயில ஓடேக்க எந்த மீற்றரை நம்பினவை? தடி விட்டு அளந்தவை.

கொடிகாமம் பெடியன்:
ஐயா, இப்பத்தைய வாகனத்தில எண்ணெய் விடுற குழாய் வளைஞ்சு போகுது, உள்ள வால்வும் இருக்கு. தடி போகாது.

பழைய மொரிஸ்:
போகாத வாகனத்தை ஏன் தம்பி வாங்கினவை?

வான்காரன்:
2022இல வரிசை நிண்ட காலம் மறந்து போச்சோ? எண்ணெய்ப் பங்கீட்டுக்குக் கியூஆர் வந்த புதுசில காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர், ஓட்டோவுக்கு 5, மோட்டார்சைக்கிளுக்கு 4. ஊர் முழுக்கச் சிவப்புக் கோட்டிலதான் ஓடினது. எல்லாற்ற பம்பும் எரிஞ்சதோ?

சங்குப்பிட்டியான்:
பம்ப் எரியும் எண்டு நான் எழுதேல்லை. ஆனா கேட்டதுக்குச் சொல்லுறன். தாங்கிக்குள்ள இருக்கிற பம்பில பெற்றோல் மோட்டருக்குள்ளாலயே ஓடி அதைக் குளிராக்குது. மட்டம் குறைஞ்சாலும் பெற்றோல் ஓடுறவரைக்கும் பெரிய பாதகம் இல்லை. காத்தை இழுக்கத் தொடங்கினால்தான் சூடேறித் தேயும். எஞ்சின் இழுத்து இழுத்து விக்கத் தொடங்கினவுடன ஓரங்கட்டுங்கோ. "கொஞ்சம் பாப்பம்" எண்டு அமத்தினால் பம்புக்கும் கேடு, புகைக்குழாயில புகையைச் சுத்தமாக்கிற கற்றலிற்றிக்குக்கும் கேடு. ஓட்டத்தில எஞ்சின் நிண்டால் பிரேக் பூஸ்ரரில ரெண்டு மூண்டு மிதிக்குத்தான் வெற்றிடம் மிச்சம் இருக்கும். அதால தட்டித் தட்டி மிதிக்காமல் ஒரே பிடியாய் மிதிச்சு நிப்பாட்டவேணும். ஸ்ரியரிங் பாரமாகும். திறப்பைக் கடைசிவரைக்கும் திருப்பினால் ஸ்ரியரிங் பூட்டுப்படும், அதைச் செய்யாதையுங்கோ.

டீசல்தம்பி:
எல்லாரும் பெற்றோலையே கதைக்கிறியள். டீசல் வறண்டால் எண்ணெய் ஊத்தினவுடன ஸ்ராட் வராது. காத்து எடுக்கவேணும். ஃபில்ரருக்கு மேல இருக்கிற கைப்பம்பைக் கல்லாய் இறுகும்வரைக்கும் அமத்துங்கோ. பிறகு இன்ஜெக்ரர் குழாய் நட்டை அரைச் சுத்து இளக்கி செல்ஃப் அடியுங்கோ. நுரை போய்ச் சுத்த டீசல் வந்தவுடன இறுக்குங்கோ.

சங்குப்பிட்டியான்:
தம்பி, அது பழைய டொல்பின் வானுக்குச் சரி. கொமன் ரெயில் எண்ட புதுமாதிரி டீசல் வாகனத்தில அந்த நட்டில கை வைக்கச் சொல்லாதையுங்கோ! ஆயிரம் பாருக்கு மேல அழுத்தம் இருக்கிற குழாய், பீச்சினால் தோலைக் கிழிச்சு உள்ள போகும். அதில கைப்பம்போட நிப்பாட்டவேணும். அந்த உயரழுத்தப் பம்புக்கு டீசல்தான் மசகு. வறட்டில ஓடினால் இரும்புத் தூள் இன்ஜெக்ரர்வரை போகும். பிறகு வாற செலவு ஒரு தாங்கி டீசலின்ர விலையில்லை.

டீசல்தம்பி:
நான் கொமன் ரெயில் எண்டு சொன்னனானோ? எல்லாத்திலயும் நீங்கள்தான் கடைசி வார்த்தை சொல்லவேணும் போல.

வான்காரன்:
அவருக்கு அதுதானே வேலை. போன முறை ரயர் காத்துக் கதையிலயும் இப்பிடித்தான். தம்பி சொன்னதுக்கும் 50க்கும் என்ன சம்பந்தம்? என்ர வானில மீற்றர் சரியாய் வேலை செய்யுது. மீற்றரை நம்பேலாட்டி அதைக் கழட்டி எறியுங்கோ.

சங்குப்பிட்டியான்:
சரியாய் வேலை செய்யுது எண்டு சோதிச்சனீங்களோ? ரொயோற்றாக்களில பொதுவா தாங்கி நிரம்பினால் உணரியின்ர தடை மிகக் குறைவு, வறண்டால் கூட. தாங்கிக்கு மேல இருக்கிற இணைப்பைக் கழட்டினால் முள்ளு ஈக்கு இறங்கவேணும். வயர்ப் பக்கத்தை 3.4 வற் பல்ப் ஒண்டுக்குள்ளால ஏர்த்துக்குக் குடுத்தால் மேல ஏறவேணும். அப்பிடி வந்தால் மீற்றரும் வயரும் நல்லம், பிழை தாங்கிக்குள்ள. ஏர்த் துருப்பிடிச்சால் தடை கூடி முள்ளு குறைச்சுக் காட்டும், அது தப்பிக்கிற பிழை. வயர் உரஞ்சி உடம்பில தொட்டால் எப்பவும் நிரம்பினதாய்க் காட்டும், அதுதான் ஆளைக் கவிழ்க்கிற பிழை.

என்ர கணக்கு வேறை. நொசில் முதல் தரம் தானாய் வெட்டுறவரை அடிச்சு, ட்ரிப் மீற்றரைப் பூச்சியமாக்குங்கோ. அடுத்த முறையும் அப்பிடியே நிரப்பி, போன லீற்றரால ஓடின தூரத்தைப் பிரியுங்கோ. மூண்டு நாலு நிரப்பில உங்கட வாகனத்தின்ர உண்மை வந்திடும். தாங்கியில முக்கால்வாசி முடியிற தூரத்தில நிப்பாட்டி அடியுங்கோ.

கொடிகாமம் பெடியன்:
ட்ரிப் மீற்றருக்குக் குழாய் ஒழுகிறது தெரியுமோ? இரவில ஆரும் உறிஞ்சி எடுத்தது தெரியுமோ? ஏசி போட்டு ஒரு மணித்தியாலம் நிண்டது தெரியுமோ? ஹைபிரிட்டையும் சேருங்கோ. பிரியஸில பெற்றோல் முடிஞ்சாலும் பற்றறியில கொஞ்சத் தூரம் போகும். ஆனா எஞ்சினைச் சுத்தி எழுப்புறதும் அதே பெரிய பற்றறிதான். அதையும் வறட்டினால் பிறகு பெற்றோல் ஊத்தியும் எஞ்சின் எழும்பாது.

சங்குப்பிட்டியான்:
அதுக்குத்தான் முள்ளையும் பாக்கச் சொல்லுறது. ரெண்டும் ஒத்துப்போகாட்டி வாகனத்தைப் பாக்கவேணும்.

வான்காரன்:
இப்ப முள்ளையும் பாக்கச் சொல்லுறியள்! முதல்ல நம்பாதை எண்டியள். பயமெண்டால் ஒரு சோடாப் போத்தலில ரெண்டு லீற்றர் கொண்டு போங்கோ, பிரச்சினை முடிஞ்சுது.

டீசல்தம்பி:
பெற்றோலைச் சோடாப் போத்தலில, வெய்யில் ஏறுற வானுக்குள்ளயோ? ஆவி அமத்தி மூடி கக்கும். எரிபொருளுக்கெண்டு செய்த கான் வேணும், கழுத்துவரை நிரப்பாமல் விரிய இடம் விடவேணும், அடிக்கேக்க நிலத்தில வைச்சு அடிக்கவேணும்.

பழைய மொரிஸ்:
மண்ணெண்ணெய்க் காலத்தில எல்லாம் போத்தலிலதான் போனது.

சங்குப்பிட்டியான்:
ஐயா, மண்ணெண்ணெயும் பெற்றோலும் ஒண்டில்லை.

வான்காரன், சோடாப் போத்தலை விடுங்கோ. "எந்த வாகனமும் 50" எண்ட வரி இன்னும் அப்பிடியே கிடக்கு. உங்கட வானின்ர கைநூலில லைற் பத்தேக்க எத்தினை லீற்றர் எண்டு போட்டிருக்கோ, அந்தப் பக்கத்தைப் படம் எடுத்துப் போடுங்கோ.

வான்காரன்:
கைநூல் ஜப்பான் பாசையில கிடக்கு. நீங்கள் முதல்ல வகன்ஆரின்ரயைப் போடுங்கோ. 2.7 எண்டு அதில எங்க இருக்கு?

சங்குப்பிட்டியான்:
பத்திலொண்டு எண்டது உங்கட கணக்கு!

வான்காரன்:
அப்ப என்ர கணக்கு சரிதானே. 50 ஓடும்.