அறுப்பு மெஷின் பதிவுச் செயலி: கெப்பாசிட்டரா, டிடபிள்யூஏவா?

வெண்ணாறு:
மன்னார்குடி பக்கம் அறுப்பு மெஷின் வாடகைக்கு ரியாக்டில் எழுதிய வலைச்செயலி தயார். தை மாதம் சம்பா அறுவடைக்குள் பிளே ஸ்டோரில் ஏற வேண்டும். வயலில் சிக்னல் விட்டுவிட்டுத்தான் வரும். மெஷின் ஓடிய மணிக்கணக்கை அங்கேயே பதிய வேண்டும். வலைச்செயலியை ஆப்புக்குள்ளேயே பொதிந்து தரும் கெப்பாசிட்டரா, தளத்தை குரோம் வழியே ஆப்பாகக் காட்டும் டிடபிள்யூஏவா, எது தோது?

குடமுருட்டி:
டிடபிள்யூஏ போதும் தம்பி. பப்பிள்ராப் கருவியில் தளத்தின் மேனிஃபெஸ்ட் (செயலி விவரக் கோப்பு) முகவரியைக் கொடுத்தால் பிளே ஸ்டோரில் ஏற்றும் ஏஏபி கோப்பு வந்துவிடும். வாடகைக் கணக்கில் பிழை வந்தால் சர்வரில் திருத்தினால் முடிந்தது, ஸ்டோர் ஒப்புதலுக்குக் காத்திருக்க வேண்டாம். மேலே குரோம் முகவரிப் பட்டை தெரிகிறது என்று பலர் தவிப்பார்கள். காரணம், தளமும் ஆப்பும் ஒருவருடையதே என்று காட்டும் அசெட்லிங்க்ஸ் கோப்பில், நீங்கள் ஏற்றும்போது கையொப்பமிடும் அப்லோட் கீயின் எஸ்ஹெச்ஏ-256 கைரேகை (அடையாளக் குறி) மட்டும் இருக்கும். கூகுள் தன் கீயால் மறுபடி கையொப்பமிடுகிறது. பிளே கன்சோலின் ஆப் சைனிங் பக்கத்தில் உள்ள கைரேகையையும் சேருங்கள்.

அரசலாறு:
சிக்னல் இல்லாத வயலுக்கு இது ஆகாது அண்ணே. டிடபிள்யூஏவில் தரவு குரோமின் சேமிப்பில் கிடக்கிறது. போனில் இடமில்லை என்று யாராவது குரோம் டேட்டாவை அழித்தால், சர்வருக்குப் போகாத மணிக்கணக்கும் சேர்ந்து போய்விடும். அப்புறம் மெஷின்காரருக்கும் விவசாயிக்கும் சண்டைதான்.

கெப்பாசிட்டரில் எஸ்கியூலைட் (போனிலேயே இருக்கும் தரவுத்தளம்) பிளகின் போட்டால் கோப்பு ஆப்பின் சொந்த இடத்தில் இருக்கும். லோக்கல்ஸ்டோரேஜை (வலைப்பக்கத்தின் சேமிப்பு) நம்ப வேண்டாம், இடம் குறைந்தால் ஆண்ட்ராய்டே அதைத் துடைக்கலாம். வைட் (பில்டு செய்யும் கருவி) தரும் டிஸ்ட் ஃபோல்டரை கெப்பாசிட்டர் அமைப்பில் வெப்டிர் என்று குறிப்பிடுங்கள். ஒவ்வொரு பில்டுக்குப் பிறகும் புதுக் கோப்புகளை ஆப்புக்குள் நகலெடுக்கும் கேப் சிங்க் கட்டளையை ஓட்டாவிட்டால் பழைய திரையே வரும். பிரவுசரில் வேலை செய்த லாகின் ஆப்பில் நின்றுபோகும்: பக்கம் லோக்கல்ஹோஸ்டிலிருந்து (போனுக்குள்ளேயே உள்ள முகவரி) திறப்பதால் உங்கள் குக்கி வேற்றுத் தளத்துக் குக்கியாகிவிடுகிறது. லாகினுக்குக் குக்கியை விட்டு டோக்கனுக்கு மாறுங்கள், சர்வர் எந்த முகவரிகளை அனுமதிக்கும் என்னும் கார்ஸ் பட்டியலில் லோக்கல்ஹோஸ்டைச் சேருங்கள்.

குடமுருட்டி:
ஸ்டோரேஜ் பெர்சிஸ்ட் அனுமதி வாங்கினால் குரோம் தானாக அழிக்காதே. ஆப் டேட்டாவை அழித்தால் உங்கள் எஸ்கியூலைட்டும் போகும்தானே?

அரசலாறு:
போகும். ஆனால் அது அந்த ஒரு ஆப்பைத் தேடிப்போய் அழிப்பது. குரோமைத் துடைப்பவருக்கு நம் பதிவு உள்ளே இருப்பதே தெரியாது. வாடகை விகிதத்தைச் சர்வரிலிருந்து எடுத்தால் உங்கள் அவசரத் திருத்தமும் ஸ்டோருக்குப் போகாமலே நடக்கும்.

குடமுருட்டி:
விகிதம் மாறினால் சரி. பதிவுப் படிவத்திலேயே பிழை என்றால் புதுப் பதிப்புதான், சிக்னல் இல்லாத ஊரில் அதை யார் இறக்குவார்?

வெண்ணாறு:
மணிக்கணக்கு தொலையக்கூடாது, அதனால் கெப்பாசிட்டர். படிவத்தை நன்றாகச் சோதித்துவிட்டு ஏற்றுகிறேன்.

குடமுருட்டி:
அப்படியானால் ஒன்று கவனியுங்கள். 2023 நவம்பர் 13-க்குப் பின் தொடங்கிய தனிநபர் பிளே கன்சோல் கணக்கு என்றால், 12 பேர் 14 நாள் தொடர்ந்து மூடிய சோதனையில் (அழைத்தவர் மட்டும் ஆப்பைச் சோதிப்பது) இருந்தால்தான் வெளியிட விண்ணப்பிக்க முடியும். கார்த்திகையிலேயே ஆள் சேர்த்துவிடுங்கள்.