ஹெட்ரூமுக்குத் தமிழில் 'மிச்சவீச்சு' சரிவருமா?

வணக்கம் நண்பர்களே, ஒலிக்கருவிகளில் சொல்லப்படும் ஹெட்ரூமுக்குத் தமிழ்ச்சொல்லாக இங்கே வந்த இரண்டு யோசனைகளுக்கு என் பதில் இது.

> ஹெட்ரூம் = தலையிடம். எளிது, எல்லோருக்கும் புரியும்.

புரியாது என்றே நினைக்கிறேன். தலைக்கும் இதற்கும் தமிழில் ஒட்டே இல்லை. பேஸ் கிட்டார் காம்போ ஆம்ப் (பெருக்கி) மேடையில் படும் பாட்டை வைத்து முதலில் பொருளைப் பார்ப்போம், அங்கேதான் இது காதில் அப்பட்டமாக விழும்.

பெருக்கியும் ஸ்பீக்கரும் ஒரே பெட்டிக்குள் இருப்பதுதான் காம்போ. அறையில் தனியாக வாசிக்கும்போது கனமாக ஒலித்த பெட்டி, டிரம்ஸ் சேர்ந்ததும் காணாமல் போகும், ஏனென்றால் கிக் டிரம்மும் பேஸும் ஏறக்குறைய ஒரே அதிர்வெண்களுக்குப் போட்டி போடுகின்றன. வாசிப்பவர் வால்யூமை ஏற்றுவார். சராசரி சத்தத்தை ஆம்ப் தாங்கிவிடும், ஆனால் ஸ்லாப் என்ற வாசிப்பு முறையில் கட்டைவிரல் கம்பியை அடிக்கும் கணத்தில் அலை சராசரியைவிடப் பல மடங்கு எகிறும். அந்த எகிறலுக்கு இடம் இல்லையென்றால் அலையின் முகடும் அகடும் தட்டையாக வெட்டுப்படும் (இதுதான் கிளிப்பிங்), ஒலி கரகரக்கும். அந்த மீதி இடம்தான் ஹெட்ரூம்.

> 'உபரித்திறன்' என்றால் என்ன குறை?

நல்ல சொல்தான். ஆனால் திறன் என்றதும் எல்லோரும் வாட் கணக்குக்குப் போய்விடுவார்கள், அது பாதிக் கதை. 100 வாட்டை 200 ஆக்கினால் கிடைப்பது 3 டெசிபெல். இருமடங்கு சத்தமாகக் காதில் பட ஏறக்குறைய 10 டெசிபெல், அதாவது பத்து மடங்கு திறன் வேண்டும். அது இருந்தாலும், முன்னும் பின்னும் அசைந்து ஒலி எழுப்பும் ஸ்பீக்கர் கூம்புக்கென்று ஓர் எல்லை உண்டு. நான்கு கம்பி பேஸின் அடிக்கம்பி சுமார் 41 ஹெர்ட்ஸ். மூடிய பெட்டியில் ஒலியழுத்தம் மாறாமல் அதிர்வெண் பாதியானால் கூம்பு நான்கு மடங்கு அசைய வேண்டும். சின்ன காம்போவில் ஆம்ப்புக்குத் தெம்பு மீதி இருக்கும்போதே கூம்பு திணறுவது இதனால்தான். இதை உபரித்திறன் என்ற சொல்லில் அடக்க முடியாது.

அதனால் என் பரிந்துரை: மிச்சவீச்சு. வீச்சு என்பது நம் இயற்பியல் பாடநூல்களில் இருக்கும் சொல், அலை நடுநிலையிலிருந்து எவ்வளவு தூரம் போகிறது என்பதைக் குறிப்பது. மின்னழுத்தத்துக்கும் வீச்சு உண்டு, கூம்பின் அசைவுக்கும் உண்டு, கணினியில் பதியும் ஒலிக்கும் உண்டு. மூன்றுக்கும் ஒரே சொல் போதும். "இந்த காம்போவில் மிச்சவீச்சு குறைவு, ஸ்லாப் வாசித்தால் கரகரக்கும்" என்று சொல்லிப் பாருங்கள், வாயில் நன்றாகவே வருகிறது.

கிளிப்பிங்குக்கு 'முகடுவெட்டு' வைக்கலாம். வெற்றிடக் குழாய்களால் இயங்கும் வால்வு ஆம்ப்களில் முகடு ஒரேயடியாக வெட்டுப்படாமல் மெல்ல உருண்டு தேயும், அந்தக் கரகரப்பைப் பலர் விரும்பியே வாசிக்கிறார்கள். அதற்குத் தனியாக 'முகடுமழுங்கல்' வேண்டும் என்பது என் கட்சி, காது பிரித்து அறிவதைச் சொல்லும் பிரிக்க வேண்டும்.

ஒரு சிக்கல் மட்டும் மீதி. புள்ளியியலில் ரேஞ்சுக்கும் வீச்சு என்றே எழுதுகிறோம், அப்படியானால் டைனமிக் ரேஞ்ச் (மிக மெல்லிய ஒலிக்கும் மிகப் பலத்த ஒலிக்கும் உள்ள இடைவெளி) வரும் இடத்தில் குழப்பம் வரும். அதற்கு 'ஒலியேற்ற எல்லை' என்று யோசித்தேன், கொஞ்சம் நீளம். சுருக்கமாக யாரிடமாவது இருந்தால் எழுதுங்கள்.