தொண்டிக் கடல் சேற்றில் ஹைட்ரோபோன் புதைகிறது, வழி சொல்லுங்கள்

வணக்கம். காரைக்குடியிலிருந்து எழுதுகிறேன். சேற்றுத் தரை கடலொலியை எப்படி மாற்றுகிறது என்று பதிவுசெய்யத் தொண்டியிலிருந்து ஃபைபர் படகில் போய்வருகிறோம். ஹைட்ரோபோன், அதாவது நீருக்கடியில் ஒலி பிடிக்கும் மைக், தரையில் நிற்கவே மாட்டேன் என்கிறது.

கருவி அக்வேரியன் எச்2ஏ, ரெக்கார்டர் ஜூம் எச்5, ஆழம் 6 மீட்டர். எங்கள் ஊருணியில் இறக்கிப் பார்த்தபோது தெளிவாகக் கேட்டது. கடலில் முதல் பத்து நிமிடம் பொரி வெடிப்பது போன்ற இறால் சத்தம் அருமையாக வருகிறது, அப்புறம் மங்கிவிடுகிறது. தூக்கினால் மைக் முழுக்கக் கருஞ்சாம்பல் சேறு, சந்தனம் அரைத்த மாதிரி வழவழவென்று. சேற்றில் சிக்கிய வாயுக் குமிழி ஒலியை விழுங்கிவிடும், அந்தப் பதிவு எங்களுக்கு உதவாது.

12 கிலோ இரும்பு முக்காலி வைத்தோம், கால்கள் முழங்கால் அளவு இறங்கின. அடியில் பலகை கட்டினோம், நீரோட்டத்தில் சாய்ந்தது. படகிலிருந்து தொங்கவிட்டால் கயிறு அதிரும் சத்தம்தான் பதிவாகிறது.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அந்த 61 நாள் அமைதியை விட்டுவிட மனமில்லை.

சேற்றுத் தரைக்கு ஒரு மீட்டர் மேலே, புதையாமலும் கயிற்றுச் சத்தம் இல்லாமலும் மைக்கை நிறுத்த என்ன அமைப்பு செய்யலாம்?