புரூக்ளின்ல ஃபிலிப் கிளாஸ் ஆபரா: அந்த ஒளிப்பட்டை மேலே போனதை யாராவது பாத்தீங்களா?

புரூக்ளின்வாசி:
2012 செப்டம்பர், அமெரிக்க இசையமைப்பாளர் ஃபிலிப் கிளாஸோட ஆபரா (பாட்டு நாடகம்) 'ஐன்ஸ்டைன் ஆன் த பீச்'. 1984, 1992-க்கு அப்புறம் புரூக்ளின் அகாடமி ஆஃப் மியூசிக்ல மூணாவது தடவை. இடைவேளை கிடையாது, எப்ப வேணா எழுந்து போகலாம். நானும் நம்பி கடைசி அங்கத்துல போயிட்டேன். போறப்ப மேடை இருட்டு. தரையோடு படுத்தாப்ல ஒரே ஒரு வெள்ளை ஒளிப்பட்டை. கூட ஆர்கன் மட்டும். பாத்ரூம் வரிசையோ நகரல. திரும்பி வந்தா பட்டை செங்குத்தா நின்னு மேலே ஏறி, அடிநுனி மட்டும் ஒரு சாண் தெரியுது. அதுவும் போச்சு. பக்கத்து சீட்டு அம்மா கண்ணைத் துடைச்சுக்கிட்டிருந்தாங்க. இன்னும் மனசு ஆறல.

தோடிப்பைத்தியம்:
எனக்கு 2018, அதே அரங்கு, காந்தியைப் பத்தி கிளாஸ் எழுதின ஆபரா 'சத்யாகிரகா'. ஸ்வீடன்காரங்க சர்க்கஸ் கலைஞர்களை வச்சுப் பண்ணினது. வரி பூரா கீதை, சமஸ்கிருதம். பாட்டிகிட்ட மனப்பாடம் பண்ணவன் நான். ஒரு ஸ்லோகம் பிடிபடல, அவ்ளோ இழுவை. கடைசியில காந்தி ஏறுமுகமா எட்டு ஸ்வரம் பாடறார். திரும்ப அதே. திரும்ப அதே. 30 தடவை. என் விரல் தொடையில தானா எண்ணுது, அட, தோடி ஆரோகணம்!

கும்பகோணம் காபி:
கமகம், அதாவது ஸ்வர அசைவு, இல்லாத தோடி ராகம் பெருங்காயம் போடாத ரசம். காந்தாரம் அசையாம நின்னா அது வெறும் ஸ்கேல் சார்.

தோடிப்பைத்தியம்:
ராகம்னு எங்க சொன்னேன்? ஆரோகணம்னுதான் எழுதியிருக்கேன். படிச்சுட்டு சண்டைக்கு வாங்க.

நியூஜெர்சி மாமி:
2018-க்கு நானும் போனேன், தூங்கிட்டேன். அவ்வளவுதான் என் கதை. புதுசா போறவாளுக்குச் சொல்றேன்: ஆதி தாளம் போட்டுண்டு கேக்காதீங்கோ, கை குழம்பும். 1960-கள்ல பாரிஸ்ல சிதார் ரவிசங்கரோட இசையை கிளாஸ் நொட்டேஷன்ல எழுதிக் கொடுத்தப்போதான் இவருக்கு ரெண்டும் மூணுமா கூட்டிண்டே போற கணக்கு பிடிபட்டது. அல்லா ரக்கா தபலா. அதனால தகிட, தக, தகிடன்னு மனசுல கூட்டிண்டே போங்கோ. அந்த அரங்கத்துக்கும் இவருக்கும் 1981 'சத்யாகிரகா'லேர்ந்தே உறவு. 1983-ல அந்த அரங்கத்தோட நெக்ஸ்ட் வேவ் விழாவையே இவரோட 'த ஃபோட்டோகிராஃபர்' வச்சுத்தான் ஆரம்பிச்சா. பால்கனி செங்குத்து, முட்டிவலிக்காரா கீழே எடுங்கோ. ஸ்வெட்டர் எடுத்துக்கோங்கோ. தயிர்சாதம் சாப்பிட்டுப் போகாதீங்கோ.

பழைய டிக்கெட்:
முதல் ஆளுக்குப் பதில் யாருமே சொல்லலையே. 1984-ல நான் பாத்தேன் தம்பி. அந்தப் பட்டை நகருதா இல்லையான்னே தெரியாது. கண்ணை மூடித் திறந்தா ஒரு விரல்கடை நிமிர்ந்திருக்கும்.

புரூக்ளின்வாசி:
ஐயா, இதுக்கு நீங்க சொல்லாமலே இருந்திருக்கலாம்.