மலிதாவுக்கு அழைப்பு: யூத ஆன்ட்டி வீட்டுக்கு என்ன வாங்கிப் போகலாம்?

தாணேவாசி:
மும்பைப் பக்கம் தாணேயில் எங்கள் எதிர்வீட்டு ஆன்ட்டி பெனே இஸ்ரேல், அதாவது மராத்தி பேசும் யூதர். மகன் புது வீடு வாங்கியதற்காக ஞாயிற்றுக்கிழமை மலிதா என்ற நன்றிச் சடங்கு வைக்கிறார். குடும்பத்தோடு வரச் சொன்னார். மாட்டுங்காவில் பால்கோவா வாங்கிப் போகலாமென்று இருந்தேன். "அவங்களுக்குப் பால், கறி விஷயத்தில் கட்டுப்பாடு உண்டு, விசாரிச்சுக்கோ" என்கிறார் என் கணவர். இன்னொன்று, ஆன்ட்டி வீட்டு வாசல் நிலையில் விரல் நீளத்துக்கு ஒரு குழல் பொருத்தியிருக்கிறது. வெளியே கிளம்பும்போது அதைத் தொட்டு, விரலை முத்திக்கொள்கிறார். தாயத்தா அது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பைகுல்லாக்காரன்:
சகோதரி, நான் பைகுல்லாவில் பெனே இஸ்ரேல் குடும்பத்துக்குப் பக்கத்து வீட்டில் வளர்ந்தவன். அது தாயத்து இல்லை. மெசூசா என்பார்கள். உள்ளே தோலில் கையால் எழுதிய எபிரெய வசனங்கள் இருக்கும். தொடக்கமே ஷெமா, "கேள், இஸ்ரவேலே, கர்த்தர் ஒருவரே" என்பது. அவர்கள் நம்பிக்கை முழுவதும் அந்த ஒரு வரியில் நிற்கிறது; காலையிலும் இரவிலும் சொல்வார்கள். இந்த வார்த்தைகளை உன் வீட்டு நிலைகளில் எழுது என்று தோராவே, அதாவது மோசேயின் ஐந்து ஆகமங்களே, சொல்கிறது. எங்கள் பக்கத்து வீட்டுக் குழலில் விரல் படும் இடத்தில் மட்டும் பெயின்ட் தேய்ந்து பித்தளை பளபளக்கும்.

பால்கோவா வேண்டாம். ஒரு தீபாவளிக்கு அம்மா கொடுத்துவிட்ட பால் பாயசத்தை நான்தான் எடுத்துப்போனேன். அந்த ஆன்ட்டி இரண்டு கையாலும் வாங்கி, மூடி, தனியாக வைத்தார். "இன்னிக்கு மட்டன் ஆச்சு, ராத்திரி சாப்பிடறோம்" என்றார். குட்டியை அதன் தாயின் பாலில் சமைக்காதே என்று தோராவில் மூன்று இடங்களில் வருகிறது. அதிலிருந்து வந்ததுதான் கறியையும் பாலையும் சேர்க்காத வழக்கம். அடுத்த வருடத்திலிருந்து அம்மா தேங்காய்ப் பாலில்தான் பாயசம் வைத்தார். அவர்களும் ரோஷ் ஹஷனாவுக்கு, அதுதான் அவர்கள் புத்தாண்டு, கோதுமைப் பாலும் தேங்காய்ப் பாலும் சேர்த்து அல்வா கிண்டுவார்கள். திருநெல்வேலிக்காரியான அம்மாவுக்கு அதில் அப்படி ஒரு சந்தோஷம்.

மலிதா என்பது அவல், தேங்காய்த் துருவல், சர்க்கரை, ஏலக்காய் கலந்து, சுற்றிப் பழங்கள் அடுக்கிய தட்டு. எலியா தீர்க்கதரிசியை நினைத்து வைப்பார்கள். பார்க்க நம் படையல் போலவே இருக்கும், ஆனால் யாருக்கும் படைப்பதில்லை. உருவ வழிபாடு அறவே கிடையாது; சாப்பிடுமுன் சொல்லும் ஆசி வாக்கியமெல்லாம் கடவுளுக்குத்தான். மரத்துப் பழத்துக்கு ஒரு வாக்கியம், மண்ணில் விளைவதற்கு வேறொன்று. வாழைப்பழம் இரண்டாவதில் சேரும், ஏனென்றால் அவர்கள் கணக்கில் வாழை மரமே இல்லை! குலை தள்ளியதும் பட்டுப்போய், பக்கக் கன்று எழுகிறதே, அதனால்.

ஆகவே முழுப் பழங்களாக வாங்கிப் போங்கள். அதைவிட நல்லது வேறில்லை.

மஸ்ஜித் பந்தர் வாசகர்:
ஒன்று சேர்க்கிறேன். பெனே இஸ்ரேல்காரர்கள் மராத்தியில் தங்கள் ஜெப ஆலயத்தையும் மஸ்ஜித் என்று சொல்வதுண்டு, ஆன்ட்டி அப்படிச் சொன்னால் குழம்பாதீர்கள். இங்கே 1796இல் சாமுவேல் எசக்கியேல் திவேகர் கட்டிய ஷார் ஹரஹமீம் ஜெப ஆலயம் இருக்கிறது. மஸ்ஜித் ஸ்டேஷன் பெயரே அதிலிருந்து வந்தது என்பார்கள். உங்கள் வீட்டு ஆண்களுக்கு ஒரு கைக்குட்டையாவது கொடுத்தனுப்புங்கள். ஜெபம் சொல்லும்போது தலையை மூடிக்கொள்வது மரியாதை.

தாணேவாசி:
ரொம்ப நன்றி அண்ணா. பழம்தான். எத்தனை மணிக்கு வரட்டும் என்று கேட்க சனிக்கிழமை காலையில் போன் செய்யலாமா?

பைகுல்லாக்காரன்:
வேண்டாம். வெள்ளி சூரியன் மறையும்போதே ஷபாத், அதாவது அவர்கள் ஓய்வுநாள், தொடங்கிவிடும். அதற்கு முன்பே விளக்கேற்றிவிடுவார்கள். அப்புறம் கண்டிப்பாகக் கடைப்பிடிப்பவர்கள் அடுப்பும் பற்றவைப்பதில்லை, போனும் எடுப்பதில்லை. சனி இரவு வானத்தில் மூன்று நட்சத்திரம் தெரிந்த பிறகு கூப்பிடுங்கள். எதிர்வீடுதானே, கதவைத் தட்டியே கேட்டுவிடலாம்.